தகட்டில் பாட்டு எழுதும் முறை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போகிறவருக்கு மரக்காணம் வந்துவிட்டது என்பதை ஊர்ப்பலகைக்கு முன்னதாகவே உப்பு அம்பாரங்கள் சொல்லிவிடும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழுவேலிச் சதுப்பு, நடுவே பாத்தி பாத்தியாக உப்பளம். பழைய கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ் 'சோபட்மா' என்று குறிக்கும் துறை இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினத்தையும் இவ்வூரோடு சேர்த்தே பேசுவார்கள். இத்தனை பழைய ஊரில் இரும்பும் செம்பும் பழையதாக மட்டும் அதிக நாள் பிடிப்பதில்லை. புதிதாக வாங்கி வைத்த டிவிடி பிளேயரின் பின்புறத்தைச் சில மாதம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை ஒயர்கள் செருகும் துளைகளின் விளிம்பில் பச்சைப் பூப்பு படர்ந்திருக்கும். பென்டிரைவ் செருகும் வாய் அதற்கும் முன்பே கெட்டுப்போயிருக்கும்.

ஆடி மாதக் கூழ்வார்ப்புக்கும் மாசி மகத்துக்கும் இக்கரையில் ஒலிபெருக்கி கட்டுகிறவர்கள் சிலர் இன்னும் தகட்டுக் கட்டைக் கைவிடாமல் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அவர்கள் கேட்கும் கேள்வி எளியது: பாட்டை எந்த வடிவத்தில் தகட்டில் ஏற்றுவது? 'எது தரமானது' என்று ஒரே சொல்லில் பதில் வாங்கப் பார்த்தால் விடை பிழையாகத்தான் வரும். தகடு, அதை வாசிக்கும் இயந்திரம், கோப்பு, ஒலிபெருக்கி, கேட்கும் காது என ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. கீழிருந்து ஒவ்வொன்றாக ஏறிப் பார்ப்போம்.

கடையில் அச்சிட்டு விற்ற இசைத் தகட்டில் கோப்பு என்று எதுவுமே இல்லை. இங்கிருந்து தொடங்காததால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. பிலிப்ஸும் சோனியும் 1980இல் வகுத்து, 1982இல் சந்தைக்குக் கொண்டுவந்த முறையில், ஒலியலையின் உயரத்தை ஒரு நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக, இடம் வலம் என இரு தடத்துக்கும் எழுதுகிறார்கள். மனிதச் செவிக்கு எட்டும் உச்ச அதிர்வு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அதைப் பிடிக்க அதன் இரு மடங்குக்குச் சற்று மேலாக அளக்க வேண்டும். அந்தச் 'சற்று மேல்' ஏன் சரியாக 44,100 ஆயிற்று என்பது சுவையான சங்கதி. அக்காலத்தில் எண்ணொலியைச் சேமிக்க வீடியோ நாடாவைத்தான் பயன்படுத்தினார்கள். படத்தின் ஒரு வரிக்கு 3 அளவு, ஒரு புலத்துக்கு (அதாவது அரைப்படத்துக்கு) 245 வரி, நொடிக்கு 60 புலம் என்று பெருக்கிப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் 3, 294, 50 என்று பெருக்கினாலும் அதே எண்தான் வரும். தொலைக்காட்சிக்காரர்கள் வைத்துவிட்டுப் போன கணக்கில்தான் இன்றும் நாம் பாட்டுக் கேட்கிறோம்.

ஆகவே வெறும் ஆடியோ சிடி பிளேயர் மட்டும் வைத்திருப்பவருக்கு வடிவத் தேர்வு என்ற பேச்சே எழாது. நீங்கள் எதைக் கொடுத்தாலும் தகடெழுதும் மென்பொருள் அதை விரித்து இந்த ஒரே அமைப்புக்குக் கொண்டுவந்து எழுதும். 80 நிமிடம், அதற்கு மேல் ஒரு பாட்டும் ஏறாது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சுருக்கிய கோப்பிலிருந்து எழுதிய ஆடியோ சிடியில், சுருக்கியபோது போனது போனதுதான். விரித்ததால் அது திரும்பி வராது.

அடுத்தது தரவுத் தகடு. இதே வட்டில், இதே சுருள்தடத்தில், பாட்டைக் கோப்பாக எழுதும் முறை. தடம் நொடிக்கு 75 கூறுகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. ஆடியோ சிடியில் ஒரு கூறு 2,352 பைட்டும் இசைக்கே. தரவுத் தகட்டில் அதே கூறில் கோப்புக்குக் கிடைப்பது 2,048 பைட். மீதி 304இல் 276 பைட் பிழைதிருத்தத்துக்கும், எஞ்சியவை முகவரி முதலிய அடையாளங்களுக்கும் போகின்றன. ஏன் இந்த வேறுபாடு? இசையில் ஓர் எண் படிக்க முடியாமல் போனால், முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்து இயந்திரம் ஒன்றை உத்தேசமாக இட்டு நிரப்பிவிடும். காது அதைப் பொருட்படுத்தாது. கோப்பில் அப்படி உத்தேசிக்க வழியில்லை. ஒரு பைட் தவறினாலும் அதன் பொருள் கெடும். அதனால்தான் கூடுதல் காவல்.

இதிலிருந்து, பலர் எதிர்பார்க்காத ஒரு விளைவு வருகிறது. சுருக்கமே செய்யாத வேவ் கோப்புகளைத் தரவுத் தகட்டில் எழுதினால் 70 நிமிடத்துக்குமேல் ஏறாது. அதே பாட்டுகளை ஆடியோ சிடியாக எழுதினால் 80 நிமிடம் கொள்ளும். தரம் இரண்டிலும் ஒன்றே. ஆக, தகட்டில் வேவ் கோப்பாக எழுதுவதில் இடமும் நஷ்டம், பல இயந்திரங்கள் அதைப் படிப்பதும் இல்லை.

இன்னொரு விளைவு, இந்தக் கரையில் அடிக்கடி காண்பது. கீறலோ கறையோ விழுந்த ஆடியோ சிடி கிறீச்சிடும், தாவும், ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும். அதே காயம் தரவுத் தகட்டில் காவலை மீறிப் போய்விட்டால், இயந்திரம் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப முயன்று நின்றுவிடும்; இல்லையேல் அடுத்த பாட்டுக்குத் தாவும். சாமி புறப்படும் நேரத்தில் இப்படி நின்ற பெட்டியைச் சுற்றி ஊரே கூடி யோசனை சொல்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

மூன்றாவதாக, கோப்பு என்ற பெயருக்குள் இரண்டு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று கொள்கலன், மற்றது உள்ளே ஒலியைக் குறியாக மாற்றிய முறை. பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள் பெரும்பாலும் கொள்கலனைத்தான் சொல்கின்றன. கைப்பேசியில் வந்து சேரும் பாட்டு ஏஏசி, ஓபஸ் போன்ற வேறு முறையில் இருக்கலாம். பெயரின் வாலை மட்டும் எம்பி3 என்று திருத்தி எழுதிவிட்டு, "அண்ணே, பேரு தெரியுது, பாட்டு வரல" என்று வந்து நிற்பவர்கள் உண்டு. உள்ளிருப்பதை உரிய மென்பொருளால் மாற்றினாலன்றி இயந்திரத்துக்கு அது எம்பி3 ஆகாது.

நம் ஊர்களில் விற்ற பெட்டிகள் நிச்சயமாகப் படிக்கும் முறை எம்பி3 ஒன்றே. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. எம்பெக் என்ற பன்னாட்டுக் குழு வகுத்த ஒலிச் சுருக்க முறையில் மூன்று அடுக்குகள் உண்டு. இரண்டாம் அடுக்கை விசிடி எடுத்துக்கொண்டது. நொடிக்கு 224 கிலோபிட். மூன்றாம் அடுக்குதான் எம்பி3. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் அதைச் செதுக்கினார்கள். அந்தப் பெயர் வால் 1995 ஜூலையில் முடிவாயிற்று. விசிடி பெட்டிகளில் இரண்டாம் அடுக்கைப் பிரிக்கும் சிப் ஏற்கெனவே இருந்ததால் மூன்றாம் அடுக்கையும் சேர்ப்பது பெரிய செலவில்லை. இப்படித்தான் பேருந்து நிலையக் கடைகளில் '150 பாடல்கள்' என்று அட்டை போட்ட தகடுகள் குவிந்தன. ஒரு பாட்டு நாலரை நிமிடம், நொடிக்கு 128 கிலோபிட் என்று வைத்தால் ஒரு தகட்டில் 170 பாட்டு வரை கொள்ளும். அட்டை சொன்ன எண்ணிக்கையில் மிகையில்லை. பாட்டின் தரம் வேறு கதை.

இனி இழப்பு. சுருக்கம் இருவகை. ஒன்று, தேவைப்படும்போது ஒரு பிட்டும் குறையாமல் மூலத்தைத் திருப்பித் தருவது. 2001இல் வெளிவந்த ஃப்ளாக் இவ்வகை. இடம் ஏறத்தாழப் பாதிக்குச் சற்று மேல் பிடிக்கும்; 700 மெகாபைட் தகட்டில் ஏறத்தாழ இரண்டு மணி நேர இசையே அடங்கும். மற்றது, செவிக்குத் தேவையில்லை என்று கருதியதைக் கழித்துவிட்டு மீதியை வைப்பது. இதை விளக்க உப்பளத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. பாத்தியில் உவர்நீர் காய்ந்து, செறிவைக் காட்டும் பாமே அளவையில் 25 டிகிரியை எட்டும்போதுதான் சோற்றுப்பு படியத் தொடங்கும். 30ஐ நெருங்கும் முன் மிச்ச நீரை வடித்துவிடுவார்கள். மெக்னீசியம் உப்புகள் அந்தக் கசப்பு நீரோடு போய்விடும். சமையலுக்கு அந்த உப்பில் குறையொன்றும் இல்லை. அதை நல்ல தண்ணீரில் கரைத்துக் கடல்நீர் என்று சொல்ல மட்டும் முடியாது. 128 கிலோபிட் கோப்பை 320ஆக மாற்றி வைப்பவர் செய்ய முயல்வது அதைத்தான். இடம் இரண்டரை மடங்கு பெருகும். 128இல் பெரும்பாலான குறியாக்கிகள் 16,000 ஹெர்ட்ஸுக்குமேல் வெட்டியெறிந்த பகுதி வெற்றாகவே இருக்கும்.

எதைக் கழிக்கலாம் என்று எம்பி3 எப்படி முடிவு செய்கிறது? உரத்த ஒலி, அதன் அருகே உள்ள மெல்லிய ஒலியைச் செவிக்கு மறைத்துவிடும் என்ற உடலியல் உண்மையைக் கொண்டு. நாகசுரம் ஓங்கும்போது ஒத்து அடங்கிக் கேட்பது போல. மறைந்துபோகும் இடத்தில் எண்களைக் கரடுமுரடாக வைத்தாலும் தெரியாது. இந்தக் கணக்கை அது 1,152 அளவுகள் கொண்ட துண்டு துண்டாகச் செய்கிறது; ஒரு துண்டு ஏறத்தாழ 26 மில்லிநொடி. நீண்டு ஒலிக்கும் குரலுக்கும் வயலினுக்கும் இது பொருந்தும். அடிவிழும் வாத்தியங்களில்தான் சிக்கல். தவிலின் குச்சியடி, பம்பை, உடுக்கை, ஜால்ரா ஆகியவற்றின் ஒலி ஒரு கணத்தில் எழுவது. ஒரு துண்டின் நடுவில் அடி விழுந்தால், சுருக்கத்தால் வந்த கரடு அத்துண்டு முழுவதும் பரவி, அடிக்கு முன்னாலேயே ஒரு சரசரப்பாகக் கேட்கும். நல்ல குறியாக்கி அந்த இடத்தில் துண்டைச் சிறிதாக்கிச் சமாளிக்கும். ஆனால் அதற்குப் பிட் கூடுதலாக வேண்டும். ஆடி மாதத்தில் ஓயாமல் ஒலிக்கும் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் முதலியவற்றில் உடுக்கையும் பம்பையும்தானே முன்னால் நிற்கின்றன? வீட்டில் நல்ல ஒலிபெருக்கியில் அவற்றை 128 ஸ்டீரியோவில் கேட்டால் ஜால்ராவின் ஓசை தண்ணீரில் நனைந்தாற்போல இருப்பதற்குக் காரணம் இது. இந்தவகைப் பாட்டுக்கு 192க்குக் கீழே போகக்கூடாது என்பது என் கருத்து.

ஆனால் தென்னை மரத்தில் கட்டிய கூம்புக்கு இதே கண்டிப்பு வேண்டுமா? கூம்பு ஒலிபெருக்கி பேச்சைத் தொலைவுக்கு எறிவதற்காக அமைந்தது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழும் ஏழெட்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலும் அதில் ஒலி எடுபடாது. 16,000க்கு மேல் என்ன வெட்டப்பட்டது என்ற விசாரணை அங்கே பயனற்றது. அங்கே கெடுவது வேறொன்று, வடிவத்தோடு தொடர்பில்லாதது போலத் தோன்றுவது. பெட்டியிலிருந்து வரும் இரண்டு ஒயரில் ஒன்றை மட்டும் ஆம்ப்ளிஃபயரில் செருகுவது இங்கு வழக்கம். மற்றொன்றின் முனை பச்சைப் பூப்பில் போயிருக்கும். பழைய மோனோ பாட்டுக்கு அதனால் குறைவில்லை. இரு தடத்திலும் ஒன்றே இருக்கும். ஸ்டீரியோவில் பதிவான பாட்டில், இளையராஜாவின் 'பிரியா' (1978) பாடல்களைப் போல இரு பக்கமும் வாத்தியங்களைப் பிரித்து வைத்ததில், பாதி வாத்தியம் கோயில் திடலுக்கு வந்து சேராது. குரல் நடுவில் இருப்பதால் அது தப்பிவிடும். அதனால் யாரும் குறையைக் கண்டுகொள்வதும் இல்லை.

தீர்வு கோப்பிலேயே இருக்கிறது. தகடெழுதும் முன் இரு தடத்தையும் கலந்து மோனோ எம்பி3 ஆக்கிவிட வேண்டும். ஆக்கினால் கணக்கும் நமக்குச் சாதகமாகத் திரும்பும். நொடிக்கு 96 கிலோபிட் மோனோவில் ஒரு தடத்துக்குக் கிடைக்கும் பிட், 192 கிலோபிட் ஸ்டீரியோவில் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பதற்கு ஏறத்தாழச் சமம். உடுக்கைக்குப் போதும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. சில விழா நாட்களுக்கு மட்டும் அரசு விலக்கு அளிக்கலாம். ஆகவே ஒரு விழா நாள் என்பது 16 மணி நேரம். 96 மோனோவில் ஒரு தகடு ஏறத்தாழ 17 மணி நேரம் ஓடும். ஒரே தகட்டில் ஒரு நாள். 320 ஸ்டீரியோதான் தரம் என்று பிடிவாதம் பிடித்தால் ஒரு தகடு ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும், கூம்பிலிருந்து அதைவிட நல்ல ஒலியும் வராது.

வீட்டில் அமர்ந்து கேட்பவருக்கு வேறு விடை. ஆடியோ சிடியாகவே எழுதுங்கள். அல்லது 192க்குக் குறையாத ஸ்டீரியோ எம்பி3. இருவருக்கும் பொதுவானது, மூலத்தை ஃப்ளாக்காகக் கணினியில் ஒன்று, வேறோர் இடத்தில் ஒன்று என வைத்திருப்பது. தகடு கெடும். மூலம் இருந்தால் வேண்டிய வடிவில் மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

பெட்டியின் குணங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிட் எண்ணிக்கை பாட்டுக்குள்ளேயே ஏறி இறங்கும் கோப்புகளில் பழைய பெட்டிகள் நேரத்தைத் தப்பாகக் காட்டும், சில தடுமாறும். மாறாத அளவே உத்தமம். கோப்பின் தலையில் பெரிய அட்டைப்படம் ஒட்டியிருந்தால் சில பெட்டிகள் பாட்டைத் தொடங்கவே தயங்கும்; படத்தை நீக்கிவிடுங்கள். கோப்பின் பெயரைத் தமிழில் வைக்க எல்லோருக்கும் ஆசைதான். தகடுகளின் பழைய கோப்பு முறையான ஐஎஸ்ஓ 9660, முதல் நிலையில் எட்டு ஆங்கில எழுத்துக்கு மேல் பெயர் வைக்க விடாது. பின்னர் வந்த ஜோலியட் 64 யூனிகோடு எழுத்து வரை இடம் கொடுத்தது. ஆனால் பெட்டியின் திரையில் தமிழெழுத்து இல்லை. கட்டம் கட்டமாகத்தான் தெரியும். 001, 002 என்று எண்ணில் தொடங்கி ஆங்கில எழுத்தில் சுருக்கமாகப் பெயர் வைத்தால் வரிசையும் கலையாது. கடைசியாக, எழுதி முடித்ததும் தகட்டை மூடிவிட வேண்டும். மென்பொருள் 'ஃபைனலைஸ்' என்று கேட்பது இதைத்தான். மூடாத தகட்டைக் கணினி படிக்கும், பெட்டி படிக்காது.

தகட்டின் வகையிலும் ஒரு தேர்வு உண்டு. அழித்து எழுதும் வகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அச்சிட்ட தகடு லேசர் ஒளியில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும். அழித்தெழுதும் தகடு அனுப்புவது 15 முதல் 25 விழுக்காடு. உப்புக்காற்றில் மங்கிய லென்ஸுக்கு அது போதாது. ஒருமுறை எழுதும் சிடி-ஆர் தகட்டின் நிறப்பூச்சு வெயிலுக்கு ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம். பாதுகாப்பு கீழ்ப்புறம்தான் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். சிடி 1.2 மில்லிமீட்டர் கனம். பளபளக்கும் உலோகப் படலம் இருப்பதோ மேல்புறம், பெயர் எழுதும் பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில். அங்கே பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் படலமே காயப்படும். உலோகத்தை இரு தட்டுகளுக்கு நடுவே பொதிந்திருப்பதால் டிவிடி இவ்விஷயத்தில் உறுதி. அதில் எம்பி3 எழுதினால் படிக்கும் பெட்டிகளும் உண்டு, படிக்காதவையும் உண்டு. நூறு மணி நேரப் பாட்டை ஒரே தகட்டில் வைத்து, ஒரு கீறலில் அத்தனையையும் இழக்க எனக்குச் சம்மதமில்லை.

லேசர் உள்வட்டத்திலிருந்து வெளிநோக்கிப் படிக்கிறது. எழுதும்போது பிழை மிகுவதும், விரல் படுவதும், பூச்சு சரியாக மூடாத இடத்தில் ஈரம் புகுவதும் வெளிவிளிம்பில்தான். ஆகவே தகட்டை முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். 17 மணி நேரத்தில் 16 மணி நேரமே நமக்குத் தேவை என்பதால் அதற்கு வசதியும் இருக்கிறது. விழாவுக்கு முதல் நாள், கணினியில் அல்லாமல் மறுநாள் திடலில் வைக்கப்போகும் அதே பெட்டியில் தகட்டைப் போட்டு, முதல் பாட்டைக் கேட்டுவிட்டு எடுத்துவிடாமல், கடைசி எண்ணுள்ள பாட்டுக்குப் போய் அதை முழுதாக ஓடவிட்டுப் பாருங்கள்.